லாய்ட் லோர்

லாய்ட் லோர் (சனவரி 9, 1886 – செப்டம்பர் 14, 1943) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இசைக்கலைஞரும் இசைக்கருவி வடிவமைப்பாளரும் ஆவார். கிப்சன் நிறுவனத்தில் 1919 முதல் 1924 வரை பணியாற்றியபோது உருவான எல்-5 கிதார், எஃப்-5 மண்டலின் ஆகியவற்றால் இவர் பெரிதும் அறியப்படுகிறார். பழைய ஜாஸ் கிதார்களைத் தேடி வாங்குவோரிடையே ஒரு கருவியின் விலையை இவரது கையொப்பமே பன்மடங்கு உயர்த்திவிடுகிறது.

வாழ்க்கை

லோர் இல்லினாய் மாநிலத்திலுள்ள குரொப்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே மண்டலின் கலைஞராகப் பெயர் பெற்று, கச்சேரிக் குழுக்களுடன் நாடெங்கும் பயணம் செய்தார். மேடைகளில் கிப்சன் கருவிகளை வாசித்து வந்த இவர், 1919 இல் மிச்சிகன் மாநிலம் கலமசூவில் இருந்த அந்நிறுவனத்தின் தொழிற்சாலையிலேயே பணியில் சேர்ந்தார்.

எல்-5 கிதார்

மேற்பலகையை வயலினைப் போல வளைவாகச் செதுக்கிச் செய்யப்படும் கிதார் 'ஆர்ச்டாப்' எனப்படும். இவ்வகைக் கிதார்களைக் கிப்சன் முன்னரே செய்துவந்தது. ஆனால் அவற்றின் நடுவே வட்டமான அல்லது நீள்வட்டமான ஒலித்துளையே இருந்தது. 1922 இல் அறிமுகமான எல்-5 இல் அதற்குப் பதிலாக வயலினுக்குரிய எஃப் வடிவத் துளைகள் இரண்டு அமைக்கப்பட்டன. மேற்பலகையின் உட்புறத்தில் இரண்டு மரச்சட்டங்கள் நீளவாக்கில் ஒட்டப்பட்டன. பலகைகளும் உள்ளிருக்கும் காற்றறையும் தெரிந்தெடுத்த சுருதிகளுக்கு ஒலிக்குமாறு மரத்தைச் சிறிது சிறிதாகச் சீவிச் சரிசெய்ய வேண்டும் என்பது லோரின் கொள்கை.

இம்மாற்றம் அழகுக்காக மட்டும் செய்யப்பட்டதன்று. ஒலிபெருக்கி இல்லாத நடனக் குழுக்களில் ஊதுகருவிகளுக்கு நடுவே கிதாரின் ஒலி அமிழ்ந்துபோனது. எனவே தாளத்தைத் தாங்கும் இடத்தைப் பாஞ்சோவே பிடித்திருந்தது. எல்-5 இன் கூர்மையான, விரைந்தெழும் ஒலி அந்த இடத்தைக் கிதாருக்குப் பெற்றுத்தர உதவியது. எடி லாங் (1902–1933) இக்கருவியை வாசித்த முன்னோடி ஜாஸ் கலைஞர்களுள் ஒருவர்.

எல்-5 இன் சிறப்புகள் அனைத்தையும் லோருக்கே உரியனவாகக் கூறும் வழக்கம் உண்டு. இது சரியன்று. கழுத்து வளையாமல் காக்கும், முறுக்கிச் சரிசெய்யக்கூடிய எஃகுக் கம்பியை உருவாக்கியவர் அதே தொழிற்சாலையில் பணியாற்றிய தாடியஸ் மக்கியூ ஆவார்.

பிற்காலம்

லோர் 1924 இன் இறுதியில் கிப்சனை விட்டு விலகினார். மண்டலின் மீதான மக்களின் மோகம் அப்போது தணிந்திருந்தது. விலை உயர்ந்த எஃப்-5 போதிய அளவில் விற்கவில்லை. 1930களில் விவி-டோன் என்ற நிறுவனத்தை நண்பர்களுடன் தொடங்கி மின்சாரக் கிதார்களைச் செய்தார். அம்முயற்சி வணிகத்தில் வெற்றி பெறவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒலியியலும் கற்பித்தார்.

லோர் இறந்தபோது அவரது கருவிகள் பழைய பொருள்களாகவே கருதப்பட்டன. பின்னாளில் புளூகிராஸ் இசையின் தந்தை எனப் போற்றப்பட்ட பில் மன்றோ, 1923 சூலை 9 எனத் தேதியிட்ட எஃப்-5 ஒன்றை 1940களில் புளோரிடாவில் ஒரு முடிதிருத்தகத்தில் கண்டு 150 டாலருக்கு வாங்கினார். இன்று அத்தகைய கருவிகள் இலட்சம் டாலரையும் தாண்டி விற்கின்றன.

கையொப்பமும் விலையும்

கருவி சோதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது என்பதற்குச் சான்றாக, தேதியும் லோரின் கையொப்பமும் கொண்ட ஒட்டுத்தாள் உள்ளே ஒட்டப்பட்டிருக்கும். ஒலித்துளை வழியாகப் பார்த்தால் இது தெரியும். வரிசை எண்ணைத் தாங்கிய மற்றொரு தாளும் உண்டு. லோர் பல கருவிகளுக்கு ஒரே நாளில் கையொப்பமிட்டதால், அடுத்தடுத்த எண்கள் ஒரே தேதியைக் கொண்டிருப்பது வியப்பன்று. எண்ணும் தேதியும் பொருந்தாவிடில் ஐயுறுதல் வேண்டும். தாளைப் போலியாகச் செய்வது மரத்தைப் போலியாகச் செய்வதைவிட எளிது.

மெருகு மீண்டும் பூசப்பட்டிருந்தால் கையொப்பம் உண்மையானதாக இருப்பினும் விலை குறையும். லோர் விலகியபின் வெளிவந்த 16 அங்குல அகல எல்-5 கிதார்களில் கையொப்பம் இல்லை. 1925 ஐ ஒட்டிச் செய்யப்பட்டவை அமைப்பிலும் ஒலியிலும் முந்தையவற்றிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. ஆயினும் மிகக் குறைந்த விலைக்கே கிடைப்பதால், சேகரிப்பாளர்களைவிட வாசிப்பவர்களே இவற்றை விரும்பி வாங்குகின்றனர். 1930களின் நடுப்பகுதியில் எல்-5 இன் அகலம் 17 அங்குலமாக்கப்பட்டது.