கம்பி இல்லாமல் மணி அடித்தவர்

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியுடன் கலக்கிறது. அங்கே ஆற்றங்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இடையே கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. காற்றில் எழும் அலைதான் குரலைக் கொண்டு போகிறது.

கண்ணுக்குத் தெரியாத மின் அலையையும் இப்படி அனுப்பலாம் என்று நம் நாட்டில் செய்து காட்டியவர், ஜகதீச சந்திர போஸ்.

சம்பளம் வேண்டாம்!

அவர் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி வங்காளத்தில் பிறந்தார். தந்தை அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனைத் தாய்மொழிப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். மீனவர் வீட்டுப் பையனுடன் சேர்ந்து உட்கார்ந்து போஸ் படித்தார்.

பிறகு இங்கிலாந்து சென்று படித்துத் திரும்பினார். 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியர் ஆனார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம் என்றிருந்த காலம் அது. போஸ் சண்டை போடவில்லை. மூன்று ஆண்டுகள் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார்!

வீட்டிலோ தந்தை பட்ட கடன். 1887-ல் மணந்த மனைவி அபலா, சென்னையில் மருத்துவம் பயின்றவர். அவரும் கஷ்டத்தைப் பங்கிட்டுக் கொண்டார். கடைசியில் அரசாங்கம் இறங்கி வந்தது. பாக்கி முழுவதும் கிடைத்தது. அதைக் கொண்டு போஸ் கடனை அடைத்தார்.

வெடித்தது மருந்து

1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கூட்டம் கூடியது. போஸ் ஓர் அறையிலிருந்து மின் அலையை அனுப்பினார். அது சுவர்களையும், எதிரே இருந்த லெப்டினன்ட் கவர்னரின் உடலையும் ஊடுருவிச் சென்றது. தூரத்தில் மணி அடித்தது, வெடிமருந்து வெடித்தது!

மணியை அடித்த சக்தி, அங்கே வைத்திருந்த பாட்டரியின் சக்திதான். பூட்டைத் திறக்கும் சாவிபோல, அலை அந்த மின்சாரத்தைத் திறந்துவிட்டது.

இதை வைத்துப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை. அறிவு எல்லோருக்கும் சொந்தம் என்பது அவர் கொள்கை. நண்பர்கள் வற்புறுத்தியதால், அலையை உணரும் ஒரு கருவிக்கு மட்டும் 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் காலாவதியாக விட்டுவிட்டார். 1917-ல் கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1937-ல் காலமானார்.

இன்று

சுங்கச்சாவடியில் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக் வில்லையைப் பாருங்கள். அதில் பாட்டரி இல்லை. சாவடியிலிருந்து வரும் அலையே அதற்குச் சக்தி கொடுக்கிறது. அதே அலையில் வில்லை பதிலும் சொல்கிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சிறு கருவிகள்கூட இப்படி இயங்குகின்றன.

அன்று சாவியாக மட்டும் இருந்த அலை, இன்று சோறும் போடுகிறது, சேதியும் சுமக்கிறது.