முடிவில்லாக் கூட்டலுக்கு எல்லை கண்ட நீலகண்ட சோமயாஜி

பாலக்காடு: ஆனைமலைத் தொடரில் பிறந்து, பாலக்காட்டுச் சமவெளி வழியாகப் பொன்னானியில் கடலைச் சேரும் பாரதப்புழைக்கு நிளா என்றொரு பெயரும் உண்டு. முடிவே இல்லாத ஒரு கூட்டல் முடிவான விடையைத் தருவது எவ்வாறு என்ற கேள்வி, இந்த ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்டது. அதை எழுப்பி விடையும் எழுதிவைத்தவர் நீலகண்ட சோமயாஜி.

இன்றைய மலப்புரம் மாவட்டம் திரூரை அடுத்த திருக்கண்டியூரில், கேளல்லூர் என்னும் நம்பூதிரி இல்லத்தில் 1444-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தை பெயர் ஜாதவேதர். சோமயாகம் செய்தவர் என்பதால் சோமயாஜி எனப்பட்டார். வேதாந்தத்தை ரவி என்ற ஆசிரியரிடமும், வானியலையும் கணிதத்தையும் தாமோதரரிடமும் கற்றார். தாமோதரரின் தந்தை பரமேசுவரர், 55 ஆண்டுகள் வானத்தை உற்றுநோக்கிக் கணக்குகளைத் திருத்தியவர். அவருடைய ஆசிரியரே, வட்டத்தின் சுற்றளவை முடிவிலாத் தொடராக எழுதிக் காட்டிய சங்கமகிராமத்து மாதவர். ஆலத்தூரிலிருந்த தாமோதரரின் வீட்டிலேயே தங்கி நீலகண்டர் பயின்றார். அது பாலக்காடு மாவட்டத்து ஆலத்தூர் அன்று. திரூர் அருகே உள்ள ஆலத்தியூர் எனக் கருதப்படுகிறது.

432 செய்யுள்கள் கொண்ட 'தந்திரசங்கிரகம்' 1500-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. புதன், வெள்ளி ஆகிய கோள்களின் கணக்கில் நீண்டகாலமாக இருந்த குறையை அவர் அதில் நீக்கினார். ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் புவியைச் சுற்றுகிறது என்ற அமைப்பையும் பிற நூல்களில் விளக்கினார். டென்மார்க்கின் டைக்கோ பிராஹே இதையொத்த அமைப்பை வெளியிட்டது 1588-இல்தான்.

ஆயினும் அவருடைய சிந்தனை முழுமையாக வெளிப்படுவது, முதுமையில் எழுதிய 'ஆரியபடீய பாஷ்யம்' என்னும் உரைநூலில்தான். வட்டத்தின் வில் ஒன்றின் நீளத்தைக் காண, அவர் அதைப் பாதியாக்கி, அந்தப் பாதியை மீண்டும் பாதியாக்கிக்கொண்டே செல்கிறார். ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டிய அளவு முந்தையதில் கால்பங்காகச் சுருங்குகிறது. கால், அதில் கால், அதிலும் கால் என்று கூட்டிக்கொண்டே போனால் விடை மூன்றில் ஒரு பங்கு.

அச்சுவெல்லம் ஒன்றை நான்காக வெட்டி, மூன்று பேர் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். எஞ்சிய துண்டையும் அவ்வாறே நான்காக்கி, ஒவ்வொரு சுற்றிலும் பகிர்ந்துகொண்டே சென்றால், ஒவ்வொருவருக்கும் சேர்வது சரியாக மூன்றில் ஒரு பங்குதானே! ஐந்தாம் சுற்றின் முடிவில் ஒருவரிடம் 1024-இல் 341 பங்கு இருக்கும். மூன்றில் ஒன்றை எட்ட 3072-இல் ஒரு பங்கே குறை.

நீலகண்டர் விடையோடு நிற்கவில்லை. இக்கூட்டுத்தொகை அந்த எல்லை வரை மட்டுமே வளரும் என்பதும், அதுவரை உறுதியாக வளரும் என்பதும் எப்படித் தெரியும் என்று தாமே வினவினார். ஒவ்வொரு படியிலும் எஞ்சும் குறை, கடைசியாகச் சேர்த்த எண்ணில் மூன்றில் ஒரு பங்காகவே இருக்கிறது. அது கால் காலாகத் தேய்கிறது என்று காட்டினார்.

கிரேக்க மெய்யியலாளர் ஜீனோ, கிறிஸ்துவுக்கு முன் 5-ஆம் நூற்றாண்டிலேயே இக்கேள்வியின் மறுபக்கத்தைத் தொட்டவர். பாலக்காட்டிலிருந்து வாளையாறு எல்லைக்கு நடப்பவர் முதலில் பாதித் தொலைவைக் கடக்க வேண்டும். பிறகு எஞ்சியதில் பாதி. மீண்டும் அதில் பாதி. கடக்க வேண்டிய பாதிகளுக்கு முடிவில்லை எனில், அவர் போய்ச்சேருவது எப்படி? நாள்தோறும் மக்கள் எல்லையைக் கடக்கத்தான் செய்கின்றனர். ஜீனோவைப் போல இயக்கத்தைப் பற்றி நீலகண்டர் வாதிடவில்லை. அவர் வந்த வழி வட்டத்தின் கணக்கு. இருப்பினும், முடிவிலாத பகுதிகளின் கூட்டுத்தொகை ஓர் எல்லைக்குள் அடங்கும் என்பதே ஜீனோவின் புதிருக்குக் கணிதம் தரும் விடை.

விட்டத்தை மீதமின்றி அளக்கும் எந்த அளவுகோலும் சுற்றளவை அளக்கும்போது மீதம் வைத்தே தீரும் என்றும் அதே உரையில் அவர் எழுதினார். இதற்கான நிறுவல் ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் வெளிவந்தது.

முன்னோர் வகுத்த கணக்கு பொய்க்காது என்று நம்பியவர்களோடு அவர் முரண்பட்டார். சடங்குகளுக்குரிய காலம் கோள்களின் கணக்கைச் சார்ந்திருந்ததால் அது எளிய வேறுபாடு அன்று. கணக்கும் வானமும் ஒத்துப்போகாதபோது, கிரகணங்களைப் பார்த்துக் கணக்கையே திருத்த வேண்டும் என 1504-இல் எழுதிய 'ஜோதிர்மீமாம்சை'யில் வலியுறுத்தினார்.

கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ், 1834-இல் வெளியான கட்டுரையில் கேரளக் கணித நூல்களை ஐரோப்பியருக்கு அறிமுகப்படுத்தினார். அதைப் பொருட்படுத்தியோர் சிலரே. ஆரியபடீய உரையின் முதற்பகுதி 1930-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. அவருடைய கோள் அமைப்பை விரிவாக ஆராய்ந்த கட்டுரையைச் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர்கள் 1994-இல் வெளியிட்டனர்.

நூறு வயதை ஒட்டி வாழ்ந்த நீலகண்டரின் புகழ் அவர் காலத்திலேயே மலையைத் தாண்டியிருந்தது. தமிழகத்தில் இன்றும் வழங்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் மூலநூல்களுள் ஒன்றான 'வாக்கியகரண'த்துக்கு உரை எழுதிய சுந்தரராஜர் என்ற தமிழ் வானியலாளர், தம் ஐயங்களை அவருக்கு அனுப்பி விளக்கம் பெற்றார். அவ்வினா விடைகள் 'சுந்தரராஜ பிரச்னோத்தரம்' என்ற நூலாயின. உரைநூல் 1962-இல் சென்னையில் அச்சாகியது. வினா விடை நூலின் சுவடி ஆய்வாளர்களின் கைக்கு எட்டவில்லை.