காத்து போனா வண்டி நிக்கணும்

எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிங்க நடுவுல பைக்கோட மாட்டிக்கிட்டு நின்னிருக்கீங்களா? அப்போ அந்த 'புஸ்ஸ்' சத்தம் உங்களுக்கு நல்லாவே தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பின்னாடி ஒரு மனுஷர் இருக்கார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். நம்ம டிபார்ட்மென்ட்ல அவரை டெஸ்லாவோட பேரோட சேர்த்து, ஏசி கரன்ட்டுக்காகத்தான் ஞாபகம் வச்சிருப்போம். நான் அவரைத் தேடிப் படிச்சது ஒரு லாரியால.

போன செமஸ்டர் லீவுல, திருவொற்றியூர்ல எங்க தெரு அண்ணன் ஒருத்தரோட லாரிக்குப் பின் ஆக்சில் மாத்தினாங்க. மாத்தின பிறகு பெடலை மிதிச்சா வண்டி நிக்குது. ஆனா பார்க்கிங் பிரேக் போட்டா பிடிக்கல, லேசான சரிவுல கூட வண்டி உருளுது. ஓஸ், வால்வு, ஸ்லாக் அட்ஜஸ்டர்னு மூணு மணி நேரம் ஒவ்வொண்ணா பார்த்தாங்க. எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. காரணத்தை அப்புறம் சொல்றேன். முதல்ல அவர் கதை.

1846 அக்டோபர்ல நியூயார்க் மாநிலத்துல ஒரு கிராமத்துல பிறந்தவர். அப்பா விவசாய இயந்திரங்கள் செய்யுற பட்டறை வச்சிருந்தார், பையன் அங்கேயே வளர்ந்தான். பதின்ம வயசுலயே அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போய், தரைப்படையிலயும் கடற்படையிலயும் இருந்துட்டு வந்தார். அப்புறம் யூனியன் கல்லூரில சேர்ந்து, மூணே மாசத்துல கிளம்பிட்டார். நம்மள மாதிரி அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் லிஸ்ட்டுக்குக் கூட அவர் காத்திருக்கல!

அந்தக் காலத்து ரயில் எப்படி நின்னுச்சுன்னு தெரியுமா? டிரைவர் விசில் அடிப்பார். பெட்டிக்குப் பெட்டி ஓடுற ஆளுங்க கையால சக்கரத்தைத் திருகி பிரேக்கை இறுக்குவாங்க. அதுவும் சரக்கு ரயில்னா பெட்டிக் கூரை மேல ஓடணும். கால் வழுக்கினா உயிர் போயிடும். 1856-ல நம்ம ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் கிளம்பினப்போ காற்று பிரேக்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அப்போ வெஸ்டிங்ஹவுஸுக்கு வயசு 9.

ஒருமுறை இவர் போன வழியில ரெண்டு சரக்கு ரயில் நேருக்கு நேர் மோதிக் கிடந்துச்சு. ரெண்டு டிரைவருமே எதிர் வண்டியைப் பார்த்திருக்காங்க, ஆனா நிறுத்த நேரம் பத்தல. சங்கிலி, நீராவின்னு இவர் யோசிச்சுப் பார்த்த எதுவும் சரிவரல. பிறகு ஆல்ப்ஸ் மலையில சுரங்கம் தோண்ட அழுத்தின காற்றை ரொம்ப தூரம் குழாயில அனுப்பி டிரில் ஓட்டுறதா ஒரு பத்திரிகைல படிச்சார். மலையைக் குடையுற காற்று ரயிலை நிறுத்தாதா? 1869-ல காப்புரிமை வாங்கிட்டார். வயசு 22, நம்ம வயசுதான்.

ஆனா அந்த முதல் பிரேக்ல ஒரு பெரிய ஓட்டை இருந்துச்சு. காற்றை அனுப்பினாத்தான் பிரேக் பிடிக்கும். நடுவுல ஓஸ் அறுந்துட்டா மொத்த ரயிலுக்கும் பிரேக் இல்ல. இவர் அதோட திருப்தி அடைஞ்சிடல, 1872-ல ஏற்பாட்டையே தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டிக்கும் தனியா ஒரு காற்றுத் தொட்டி, கூடவே ட்ரிபிள் வால்வுன்னு ஒரு வால்வு. குழாயில அழுத்தம் முழுசா இருந்தா தொட்டி நிரம்பும், பிரேக் விடுபட்டிருக்கும். அழுத்தம் குறைஞ்சா அந்த வால்வு தொட்டிக் காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திறந்து விடும். அதனால ஓஸ் அறுந்தா ரயில் தானா நின்னுடும்.

இப்போ நம்ம அண்ணன் லாரிக்கு வாங்க. பின் சக்கரத்து பிரேக் சேம்பருக்குள்ள ஒரு முரட்டு ஸ்பிரிங் இருக்கும். காற்றுதான் அதை அமுக்கிப் பிடிச்சிருக்கும். காற்று போனா ஸ்பிரிங் விரிஞ்சு பிரேக்கைப் போட்டுடும். பொருள்தான் வேற, யோசனை அதேதான். புதுசா வந்த ஆக்சில்ல அந்த ஸ்பிரிங்கை ஒரு நீள போல்ட்டால இழுத்துக் கட்டி அனுப்பியிருந்தாங்க. மாட்டினவங்க போல்ட்டைக் கழட்ட மறந்துட்டாங்க! பெடல் பிரேக் தனி அறையில வேலை செய்யுறதால யாருக்கும் சந்தேகம் வரல. மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில படுத்து, சேம்பர் முதுகுல போல்ட் நீட்டிக்கிட்டிருக்கிறதைப் பார்த்து நெத்தியில அடிச்சுக்கிட்டார். டயருக்குக் கட்டை வச்சுட்டு போல்ட்டைக் கழட்டினாங்க, பிரேக் பிடிச்சுது. அப்படியே ரோட்டுக்குப் போயிருந்து, மணலிப் பக்கம் எங்கயாவது காற்று லைன் வெடிச்சிருந்தா? நினைக்கவே பயமா இருக்கு.

வெஸ்டிங்ஹவுஸையும் அவரோட பிரேக் சும்மா விடல. 1886, 87-ல பர்லிங்டன்ல 50 பெட்டி சரக்கு ரயிலை வச்சு சோதனை நடந்துச்சு. முன் பெட்டிகள் நின்ன பிறகும் பின் பெட்டிகளுக்கு பிரேக் பிடிக்காம வந்து முட்டுச்சு. சில மாசத்துல வால்வை மாத்தி, அழுத்தம் குறையுற செய்தி கடைசிப் பெட்டி வரைக்கும் வேகமா போற மாதிரி செஞ்சார். 1893-ல அமெரிக்க ரயில்களுக்கு காற்று பிரேக்கைக் கட்டாயமாக்கி சட்டமே வந்துடுச்சு. அதே வருஷம் சிகாகோ கண்காட்சிக்கு ஏசி விளக்கு போட்டது, அப்புறம் நயாகரா, இதெல்லாம் நீங்க படிச்ச கதைதான்.

அவர் தன் ஆலைத் தொழிலாளிங்களுக்கு சனிக்கிழமை அரை நாள் விடுமுறை கொடுத்தார், அந்தக் காலத்துல அது பெரிய விஷயம். 1907 நிதி நெருக்கடில தன் பேரையே தாங்கின மின்சாரக் கம்பெனி அவர் கையை விட்டுப் போச்சு. 1914 மார்ச்ல இறந்தார். போர்ல இருந்தவர்ங்கறதால அவரை ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில புதைச்சிருக்காங்க.

அண்ணன் அந்த போல்ட்டை இப்போ டேஷ்போர்டு பெட்டியில வச்சிருக்கார். யார் லாரிக்கு ஆக்சில் மாத்தினாலும் எடுத்துட்டுப் போய்க் காட்டுறார்.