நனைந்த கம்பளியும் வாத்து இறகும்

குளிர்நாட்டில் ஜக்கெட் வாங்கப் போகிறவர்களுக்கு எடி பௌவரின் கதையைத்தான் நான் சொல்வேன்.

1899இல் அமெரிக்காவின் ஓர்காஸ் தீவில் பிறந்தவர். வேட்டையிலும் மீன்பிடியிலும் பித்து. 1920இல் சியாட்டில் நகரில் விளையாட்டுப் பொருட்கடை தொடங்கினார்.

1930களின் நடுப்பகுதியில் ஒரு குளிர்காலம், பிடித்த மீன்களைச் சுமந்து மேடேறும்போது வியர்வையில் அவரது கம்பளி உடுப்பு நனைந்துவிட்டது. உடல் விறைத்துச் சாகவிருந்தவரைக் கூடப்போன நண்பர்தான் காப்பாற்றினார். மஞ்சூரியக் குளிரில் ரஷ்யப் படையினர் இறகு வைத்த மேலங்கி அணிந்ததாக உறவினர் ஒருவர் முன்பு சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. 1936இல் இரண்டு துணிகளுக்கிடையே வாத்தின் மென்னிறகை நிரப்பி, அது கீழே இறங்காதபடி கட்டம் கட்டமாகத் தைத்தார். 1940இல் காப்புரிமை கிடைத்தது.

பிறகு உலகப்போர். அமெரிக்க விமானப்படையினருக்கும் அவரே தைத்துக் கொடுத்தார். குண்டுவீச்சுக்குப் பதுங்குகுழியில் கிடந்த நமக்கு இந்த இடத்தை இலகுவில் கடக்க முடிவதில்லை.

சூட்டைக் காப்பது இறகுக்குள் அடைபட்ட காற்று. நனைந்தால் இறகும் ஒட்டிப்போய்க் கைவிடும். ஆகவே வேட்டைக்காரர் நடக்கும்போது அதைக் கழற்றிப் பையில் வைக்கவேண்டும்; விலங்குக்காக அசையாமல் காத்திருக்கும்போதே போடவேண்டும். மழைக்கு மேலே இன்னொரு உறை தேவை.

பௌவர் 1986இல், எண்பத்தாறு வயதில் காலமானார்.