யுகத்தையும் மூச்சையும் அளந்த ஆரியபட்டர்

பாரத நாடு ஈன்ற கணித மேதைகளுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றத்தக்கவர் ஆரியபட்டர். தம்மைப்பற்றி அவர் விட்டுச்சென்ற குறிப்பு மிகச் சிறிது. கலியுகத்தில் அறுபது அறுபதாண்டுகள், அதாவது 3,600 ஆண்டுகள், கழிந்தபோது தமக்கு வயது 23 என்று எழுதிவைத்தார். அதைக்கொண்டே அவர் கி.பி. 476-இல் பிறந்தவர் என அறிஞர் கணித்தனர். தம் வயதைக் கூறவும் யுகக் கணக்கைக் கையாண்ட பெருமகனார் அவர்!

பாடலிபுத்திரமாகிய குசுமபுரத்தில் போற்றப்பட்ட வான நூலறிவை 'ஆரியபடீயம்' என்னும் சிறு நூலில் அடக்கினார். அதில் காலத்தின் இரு எல்லைகளும் உள்ளன. ஒரு நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 60 விநாடி. விநாடிக்கு 6 மூச்சு. அக்கால விநாடி நம் கடிகாரத்தில் 24 செகண்டு. ஆகவே மூச்சு ஒன்றுக்குச் சுமார் 4 செகண்டு. நாள் ஒன்றுக்கு 21,600 மூச்சு. வட்டத்தின் சுற்றளவும் 21,600 கலை. ஆகவே ஒரு மூச்சுக்குள் பூமி ஒரு கலை சுழல்கிறது என்றார்.

மறு எல்லையில் 43,20,000 ஆண்டுகள் கொண்ட யுகம். அதில் 157,79,17,500 நாட்கள் என்றும், பூமி 158,22,37,500 முறை சுழலும் என்றும் கணக்கிட்டார். இத்துணைப் பெரிய எண்கள் எதற்கு? பின்னமின்றி முழு எண்ணாலேயே மிக நுண்ணிய காலத்தையும் குறிப்பதற்கே. நாட்களை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்: ஓராண்டுக்கு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 செகண்டு வரும். நம் வாக்கியப் பஞ்சாங்கம் 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை என்பதும் இதுவே. நாட்களைச் சுழற்சிகளால் வகுத்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 செகண்டு. இன்றைய விஞ்ஞானமும் அதையே கூறுகிறது.

ஓடத்தில் செல்பவனுக்குக் கரையிலுள்ளவை பின்னே செல்வதுபோல், நிலைத்து நிற்கும் விண்மீன்கள் மேற்கே செல்வதாகத் தோன்றுகின்றன என்று விளக்கினார். ஊருக்குச் செல்லும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்த நம் குழந்தைகளுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் பின்வந்த பிரம்மகுப்தர் முதலானோர், பூமி சுழன்றால் உயர்ந்த பொருள்கள் விழாவோ என மறுத்தனர். அவரைப் பின்பற்றிய உரைகாரர் சிலரும் அக்கருத்துக்கு வேறு பொருள் கூறிச் சமாளித்தனர். எண்களை ஏற்றவர்கள், எண்கள் உரைத்த உண்மையை ஏற்கத் தயங்கினர்.

அவர் கணக்கிலும் சிறு பிசகு உண்டு. உண்மை ஆண்டைவிட அவர் ஆண்டு சுமார் 3 நிமிடம் 20 செகண்டு மிகை. ஓராண்டில் அது பொருட்டன்று; 1,500 ஆண்டுகளில் மூன்றரை நாளாகிவிடும்! இக்காலக் கருவிகளின்றிக் கணித்தவருக்கு இது குறையாகாது. ஆனால் ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது நல்ல பாடம்: சிறு தாமதங்கள் சேர்ந்தே பெரிய தாமதமாகின்றன. 1975-இல் விண்ணில் செலுத்தப்பட்ட பாரதத்தின் முதல் செயற்கைக்கோளுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மூச்சளவுப் பொழுதையும் வீணாக்காது வாழ்வதே அம்மேதைக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும்.