உப்புத்தாள் எழுத்துகள்

அந்தமானில் சௌல்தாரி போன்ற ஊர்களில் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரே நாளில் மூவகை எழுத்துகளைக் கையாள்கின்றனர். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்திற்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. பெரும்பாலோர் சில ஆண்டுகளில் மூன்றுக்கும் பழகிவிடுகின்றனர். ஆயினும் வகுப்பில் ஓரிருவர்க்கு எழுத்துகள் மனத்தில் நிலைகொள்வதில்லை. லகர, ளகர, ழகரங்கள் குழம்பும்; நேற்றுப் படித்த சொல் இன்று புதிய சொல்லாகத் தோன்றும். கதை சொல்லுமாறு கேட்டாலோ அப்பிள்ளையே முதலில் எழுந்து தடையின்றிச் சொல்லும். கண்ணில் குறையில்லை, அறிவிலும் குறையில்லை. எழுத்தின் வடிவத்தை அதன் ஒலியோடு மூளை இணைத்துக்கொள்ளும் முறையில் மட்டும் வேறுபாடு உள்ளது. இதனை டிஸ்லெக்சியா என்பர்.

இத்தகைய பிள்ளைகள் எக்காலத்தும் இருந்துள்ளனர். மக்கு, சோம்பேறி என்பனவே நெடுங்காலம் அவர்கள் பெற்ற பெயர்கள். 1896-ஆம் ஆண்டில் பிரிங்கில் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அவன் விளையாட்டில் வல்லவன், கணக்கும் போடுவான், ஆனால் எளிய சொற்களையும் படிக்க இயலாதவன். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் அவனே பள்ளியில் முதல்வனாக விளங்குவான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். அவனைப் படிக்கவைக்கும் வழியை மட்டும் எவரும் அறிந்திருக்கவில்லை.

அதே 1896-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டின் ரோம் பல்கலைக்கழகத்தில் ஓர் இளம்பெண் மருத்துவப் பட்டம் பெற்றார். அவரே மரியா மாண்டிசோரி அம்மையார்.

அவர் 1870 ஆகஸ்ட் 31 அன்று கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் பயில்வது மிக அரிதாக இருந்த காலம் அது. ஆண்களுடன் சேர்ந்து பிணத்தை அறுத்துப் பயில்வது பெண்ணுக்குத் தகாது எனக் கருதப்பட்டதால், வகுப்புகள் முடிந்து அனைவரும் சென்ற பின் அவர் தனியே அப்பயிற்சியைச் செய்ய வேண்டியிருந்தது.

பட்டம் பெற்ற பின் பல்கலைக்கழகத்தின் மனநோய் மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு நகரின் மனநோய் விடுதிகளுக்குச் சென்றபோது, பெரியவர்களோடு சிறு பிள்ளைகளும் அங்கே அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் எனப் பள்ளிகள் ஏற்க மறுத்த பிள்ளைகள் அவர்கள். அக்காலத்தார் அவர்களுக்கு இட்டிருந்த பெயர்களை இன்று எழுதவும் மனம் கூசும். உணவு உண்டபின் அப்பிள்ளைகள் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கி எடுப்பார்களாம். விடுதிக் காவலாளி அதனைப் பெருந்தீனி என்று வெறுத்தாள். அம்மையாரோ அந்த அறையைச் சுற்றிலும் பார்த்தார். வெற்றுச் சுவர்களைத் தவிர அங்கு வேறொன்றும் இல்லை. கையில் எடுத்து உருட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லை. பிள்ளைகள் தேடியது உணவை அன்று, கைக்கு ஒரு வேலையையே என்று அவர் உணர்ந்தார் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இப்பிள்ளைகளுக்கு வேண்டியது மருந்தைவிடக் கல்வியே என்னும் முடிவுக்கு அவர் வந்தார். இடார், செகுவின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் முன்னரே இத்துறையில் உழைத்திருந்தனர். அவர்களுடைய நூல்களை அம்மையார் ஊன்றிப் பயின்றார். 1900-இல் ரோம் நகரில் இத்தகைய பிள்ளைகளுக்கான பள்ளி ஒன்றும் அதனோடு இணைந்த ஆசிரியர் பயிற்சியும் தொடங்கப்பட்டபோது, அதன் இயக்குநர் இருவருள் ஒருவரானார். பகல் முழுதும் பிள்ளைகளோடு இருந்து, இரவில் அன்று கண்டவற்றைக் குறித்துவைப்பது அவர் வழக்கம்.

அங்கேதான் எழுத்தைக் கையால் கற்பிக்கும் முறை உருவாயிற்று. கையெழுத்து வடிவில் மர எழுத்துகளைச் செய்வித்தார். உயிரெழுத்துகளுக்கு ஒரு வண்ணமும் மெய்யெழுத்துகளுக்கு வேறொரு வண்ணமும் பூசுவித்தார். எழுத்தை எழுதும் திசையிலேயே பிள்ளை அதன்மீது விரலை ஓட்ட வேண்டும். அதே நேரத்தில் அதன் ஒலியை வாயால் சொல்ல வேண்டும். எழுத்தின் பெயரைச் சொல்லுதல் கூடாது. சொல்லில் அது ஒலிக்கும் ஒலியையே சொல்ல வேண்டும். கண் காண, காது கேட்க, வாய் சொல்ல, விரல் உணர, நான்கும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. கண்ணால் மட்டும் எழுத்தைப் பற்ற இயலாத பிள்ளைக்கு விரலும் வாயும் துணை நின்றன.

விடுதிகளிலிருந்து வந்த பிள்ளைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்றனர். பொதுப் பள்ளி மாணவர்களோடு சேர்ந்து தேர்வு எழுதித் தேறவும் செய்தனர். ஊரார் இதனை அதிசயம் என்றனர். அம்மையாருக்கோ வேறு கவலை பிறந்தது. எல்லாராலும் கைவிடப்பட்ட பிள்ளைகள் பொதுப் பள்ளி மாணவர்களுக்கு இணையாகத் தேர்வு எழுதுகின்றனர் எனில், நலமுடன் பிறந்த அம்மாணவர்களை அவர்தம் பள்ளிகள் எவ்வளவு தாழ்வாகப் பயிற்றுகின்றன என்பதே அக்கவலை.

அதற்கு விடை காணும் வாய்ப்பு 1907-இல் கிட்டியது. ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் அவ்வாண்டு ஜனவரி 6 அன்று குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தெருவில் திரிந்த சிறுவர்களே அதன் மாணவர்கள். மர எழுத்துகளை மீண்டும் செய்விக்க அங்கு இயலவில்லை. ஆதலின் தச்சர் மரத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, வழுவழுப்பான அட்டைகளில் ஒட்டினார். வறுமை தந்த மாற்றே பழையதைவிடச் சிறந்ததாயிற்று. சொரசொரப்பான பாதையை விட்டு விலகினால் விரலே அதனை உணர்ந்து திருத்திக்கொள்ளும். ஆசிரியர் கடிந்துரைக்கத் தேவையில்லை.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வெயில் இதமாக அடித்த ஒரு நாளில் அம்மையார் பிள்ளைகளோடு மொட்டைமாடியில் இருந்தார். அருகில் அமர்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டி ஒன்றைக் கொடுத்து, அங்கிருந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் வரைந்தான். அவர் பாராட்டவே அவன் முகம் மலர்ந்தது. திடீரென்று தனக்கு எழுத வரும் என்று கூவியபடி மண்டியிட்டுக் கை என்னும் பொருள்தரும் சொல்லை எழுதினான். பின்னர்ப் புகைபோக்கி என்றும் கூரை என்றும் எழுதினான். எழுதுமாறு அவனுக்கு அதுவரை எவரும் கற்பித்ததில்லை. ஏனைய பிள்ளைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டனர்.

தமிழருக்கு இம்முறை முற்றிலும் புதியதன்று. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, எழுத்தை உரக்கச் சொல்லியவாறே விரலால் எழுதிப் பழகினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்பவர் மணலில் எழுதும் அவ்வழக்கத்தை இங்கிலாந்திற்கும் கொண்டு சென்றார். விசயதசமி நாளில் அரிசியில் எழுத வைப்பது இன்றும் நம் வீடுகளில் உண்டு. ஆனால் அது ஒரு நாள் சடங்காகச் சுருங்கிவிட்டது.

அம்மையாரின் முறை உலகெங்கும் பரவியது. 1931-இல் இலண்டனில் காந்தியடிகள் அவரைச் சந்தித்தார். 1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை வந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் நடந்த முதல் பயிற்சியில் ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதத் தங்கலாக எண்ணி வந்தவர்க்கு அது பல ஆண்டுகளாக நீண்டது. 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசுக்கு இவ்விருவரும் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறலாகாது எனப்பட்டது. ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அவருக்குப் பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக அரசப் பிரதிநிதியிடமிருந்து செய்தி வந்தது.

1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியப் படை அந்தமானைக் கைப்பற்றியது. சென்னையிலும் அச்சம் பரவி மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டில் அம்மையார் கோடைக்கானல் சென்று, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தங்கினார். அங்கு வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக் கற்பித்தார்; மலையும் செடியும் பூச்சியும் அவர்களுக்குப் பாடமாயின. இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர். 1952 மே 6 அன்று நெதர்லாந்து நாட்டின் நூர்த்வெய்க் என்னும் கடற்கரை ஊரில் அவர் மறைந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அம்மையார் முதலில் கற்பித்தோர் அறிவு வளர்ச்சி குன்றியோர் எனக் கருதப்பட்ட பிள்ளைகள். டிஸ்லெக்சியா அதனின் வேறானது. ஆயினும் 1930-களில் அமெரிக்காவில் மருத்துவர் சாமுவேல் ஆர்டனின் ஆய்வைப் பின்பற்றி, அன்னா கில்லிங்காம் என்னும் ஆசிரியை டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கான பாடமுறையை வகுத்தபோது, அவரும் கண், காது, கை ஆகிய மூன்றையும் ஒருங்கே இணைத்தார். 1990-களின் தொடக்கத்தில் சென்னையில் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றி, இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர்களைப் பயிற்றத் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவையும் தன் பட்டியலில் சேர்த்தது. மத்தியக் கல்வி வாரியத் தேர்வுகளில் சான்றிதழ் பெற்ற மாணவருக்குக் கூடுதல் நேரம் உண்டு. வேண்டுமாயின் எழுதித் தர ஒருவரும் உண்டு.

சிறப்புப் பயிற்சி வகுப்புகளில் தட்டில் பரப்பிய மணலும் உப்புத்தாள் அட்டையும் இன்றும் உள்ளன. லகரத்தையும் ழகரத்தையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளை முதலில் ஒரே எழுத்தை எடுத்துக்கொள்கிறது. விரலை மெல்ல ஓட்டி, நாக்கை மேலே மடித்து, அவ்வெழுத்தின் ஒலியைச் சொல்லிப் பார்க்கிறது. அது நிலைத்த பின்னரே அடுத்த எழுத்து அதன் கைக்கு வருகிறது.