25 பவுனுக்கு விலைபோன விளையாட்டு

1859-ம் ஆண்டு லண்டனில் ஒரு புது விளையாட்டுப் பலகை விற்பனைக்கு வந்தது. அதில் 20 குழிகள். குழிகளை இணைக்கும் 30 கோடுகள். 1 முதல் 20 வரை எண் போட்ட காய்கள். கோட்டின் வழியே போய், ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு தடவை காய் வைத்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரவேண்டும்.

இதைக் கண்டுபிடித்தவர் பொம்மை வியாபாரி அல்ல. உலகப் புகழ் பெற்ற கணித மேதை! அவர்தான் சர் வில்லியம் ரோவன் ஹாமில்டன்.

தோற்றுப்போன சிறுவன்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1805-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹாமில்டன் பிறந்தார். தந்தை வக்கீல். சிறு குழந்தையாக இருந்தபோதே டிரிம் என்ற ஊரில் இருந்த தந்தையின் சகோதரர் வீட்டுக்கு அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் பாதிரியார், பாடம் சொல்லிக் கொடுப்பவர்.

5 வயதிலேயே லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு மூன்றும் ஹாமில்டனுக்கு வந்துவிட்டன. பிறகு பாரசீகம், அரபு, சமஸ்கிருதம் என்று படித்துக்கொண்டே போனார். எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள்.

1813-ல் அமெரிக்காவில் இருந்து ஜெரா கோல்பர்ன் என்ற சிறுவன் டப்ளினுக்கு வந்தான். பெரிய பெரிய கணக்குகளை மனதிலேயே போட்டு விடை சொல்லுவான். அவனுக்கும் ஹாமில்டனுக்கும் போட்டி நடந்தது. ஹாமில்டன் தோற்றார்! மொழிகளில் மூழ்கிக் கிடந்த பையனுக்கு அதன் பிறகு கணக்கின் மேல் ஆசை பிறந்தது.

1827-ல் அவர் கல்லூரி மாணவர். பட்டம்கூட வாங்கவில்லை. வயது 21. அப்போதே அவரை வானநூல் பேராசிரியராக நியமித்துவிட்டார்கள். டப்ளினுக்கு அருகே டன்சிங்க் வானாராய்ச்சி நிலையத்தில் வீடும் கிடைத்தது. சாகும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

மறக்காத காதல்

19 வயதில் கேதரின் டிஸ்னி என்ற பெண்ணை அவர் காதலித்தார். ஆனால் அவளை 1825-ல் ஒரு பாதிரியாருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஹாமில்டன் மனம் உடைந்தார். தண்ணீரில் விழுந்து செத்துப் போகலாமா என்றுகூட நினைத்தார்.

1833-ல் ஹெலன் என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஆனாலும் பழைய காதல் போகவில்லை. 1853-ல் கேதரின் சாகக் கிடந்தபோது போய்ப் பார்த்தார். அப்போது அவர் கையில் கொண்டுபோனது தாம் எழுதிய கணக்குப் புத்தகம்!

பாலத்தில் செதுக்கிய கணக்கு

அந்தப் புத்தகத்துக்கு ஒரு கதை உண்டு. மூன்று எண்களை ஒரு கட்டாகச் சேர்த்து, அந்தக் கட்டுகளைப் பெருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிட வந்தால், பெருக்க வழி கிடைத்ததா என்று பிள்ளைகளே கேட்பார்களாம். இல்லை என்று தலையை ஆட்டுவார்.

1843 அக்டோபர் 16-ந் தேதி மனைவியுடன் கால்வாய்க் கரையில் நடந்துபோனார். திடீரென்று விடை தோன்றியது. மூன்று எண் போதாது, நான்கு வேண்டும்! கத்தியை எடுத்துப் பக்கத்தில் இருந்த புரூம் பாலத்தின் கல்லிலேயே செதுக்கிவிட்டார். இன்று விண்கலத்தைத் திருப்புவதற்கும், கம்ப்யூட்டர் படங்களைச் சுழற்றுவதற்கும் அந்தக் கணக்கு உதவுகிறது.

புதிர் பிறந்தது

1856-ல் வேறொரு புதுக் கணக்கு அவருக்குப் பிடிபட்டது. அதை விளக்க 12 முகமும் 20 முனையும் கொண்ட ஒரு கட்டை பொருத்தமாக இருந்தது. அந்தக் கட்டையே விளையாட்டாக மாறிற்று.

இந்த வகைப் புதிர் உலகுக்குப் புதிதல்ல. சதுரங்கக் குதிரையை எல்லாக் கட்டங்களிலும் ஒரே ஒரு முறை நிறுத்தும் புதிர் மிகப் பழையது. காஷ்மீரத்துக் கவி ருத்ரடர் 9-ம் நூற்றாண்டிலேயே அதை வைத்துச் செய்யுள் கட்டியிருக்கிறார். குதிரை தாவும், ஹாமில்டனின் காய் கோட்டில் நடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

20 இடங்களுக்கும் ஊர்ப் பெயர் வைத்தார். பிரஸ்ஸல்ஸ், கான்டன், சான்சிபார், நம் டெல்லியும் உண்டு! ஒருவர் முதல் 5 காய்களை வைப்பார். எதிராளி மீதி 15 காய்களையும் வைத்துச் சுற்றை முடிக்க வேண்டும்.

1857-ல் டப்ளினில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் இதைக் காட்டினார். பிறகு ஜேக்ஸ் என்ற லண்டன் கம்பெனிக்கு 25 பவுனுக்கு விற்றார்.

விளையாட்டு ஓடவில்லை!

முதல் 5 காய்களை எப்படி வைத்தாலும் மீதியை முடிக்க வழி உண்டு. கொஞ்சம் தட்டித் தடவினால் போதும். பிறகு சுவாரசியம் எங்கே? அதன் பின்னால் இருந்த கணக்கில் ஹாமில்டன் சொக்கிப் போயிருந்தார். ஆடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாதே!

இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. தாமஸ் கிர்க்மன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1855-லேயே இதே கேள்வியை எழுப்பினார். இந்த ஒரு கட்டைக்கு மட்டும் அல்ல, பல வடிவங்களுக்கும் சேர்த்து ஆராய்ந்தார். ஆனால் இன்றும் அந்தச் சுற்றுக்கு ஹாமில்டன் பெயர்தான். எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் அதில் இப்படி ஒரு சுற்று உண்டா என்று சட்டென்று சொல்லும் முறை, கம்ப்யூட்டர் வந்த பிறகும் கிடைக்கவில்லை.

1865 செப்டம்பர் 2-ந் தேதி ஹாமில்டன் காலமானார். வயது 60.

அவருடைய பலகையை வீட்டிலேயே வரையலாம். நடுவில் ஒரு சிறிய ஐங்கோணம். அதைச் சுற்றி 10 புள்ளிகள் உள்ள வளையம். அதற்கு வெளியே பெரிய ஐங்கோணம். வளையத்தில் ஒன்று விட்டு ஒரு புள்ளியை உள் ஐங்கோணத்தின் முனைகளோடு சேருங்கள். மீதிப் புள்ளிகளை வெளி ஐங்கோணத்தின் முனைகளோடு சேருங்கள். சுற்றி வர 30 வழிகள் இருக்கின்றன.